தூங்காதவளின் ரிப்போர்ட்

நான் நல்லவள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை கேட்டுவிட்டு, ஆனாலும் உனக்கு எவ்வளவு பெரிய மனசு என்று யாரும் என்னைத் தூக்கி வைத்துக் கொண்டாட வேண்டாம். ஆறு வருஷமாக ஒருத்தியை நினைத்துக் கறுவிக்கொண்டிருந்தேன். போன புதன்கிழமை காலை அவள் ஏழு மாத வயிற்றோடு வந்து என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்தாள்.

என் வேலையைச் சொன்னால்தான் விஷயம் புரியும். மகப்பேறு ஆஸ்பத்திரியில் மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறை எனக்கு. ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், சாய்த்துக்கொள்கிற மாதிரி ஒரு கட்டில், அவ்வளவுதான். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது சில பெண்களுக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும். அது அவர்களுக்கே தெரியாது. பக்கத்தில் படுத்திருப்பவர்களுக்குக் குறட்டை மட்டும்தான் கேட்கும். உள்ளே ரத்த அழுத்தம் ஏறிக்கொண்டிருக்கும், பிள்ளைக்குப் போகிற பிராணவாயு குறைந்துகொண்டிருக்கும். இதைக் கண்டுபிடிக்க யாரும் ஆஸ்பத்திரியில் வந்து படுக்க வேண்டியதில்லை. ஒரு சின்ன மெஷினை வீட்டுக்கே கொடுத்தனுப்புவோம். நெஞ்சில் ஒரு பட்டை, மூக்கில் மெல்லிசாக ஒரு குழாய், விரலில் ஒரு கிளிப். மாட்டிக்கொண்டு தூங்க வேண்டும், காலையில் கொண்டுவந்து தர வேண்டும். நான் அதைக் கம்ப்யூட்டரில் சொருகி, என்ன நடந்தது என்று பார்த்து, கையெழுத்துப் போட்டு டாக்டருக்கு அனுப்புவேன். இருப்பது நாலே மெஷின். ஒருமுறை தவறவிட்டால் மறுபடி கைக்கு வர இரண்டு வாரம் ஆகும். இங்கே வருகிறவர்களுக்கு என் பெயர் தெரியாது. மெஷின் அக்கா என்பார்கள்.

வந்து உட்கார்ந்தவள் என் முன்னாள் புருஷனின் அக்கா. அவளுக்குப் பின்னால், கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, என் முன்னாள் மாமியார். மூன்று பேரும் ஒருவரையொருவர் ஒரு நொடி பார்த்தோம். மாமியார் உடனே சுவரில் இருந்த தடுப்பூசி அட்டவணையைப் படிக்க ஆரம்பித்துவிட்டார். நாத்தனாருக்கு முகத்தில் ஈயாடவில்லை. ஆனாலும் சமாளித்துவிட்டாள், கெட்டிக்காரி.

"டாக்டர் இங்க போகச் சொன்னாங்க," என்றாள், முன்பின் தெரியாத ஒருத்தியிடம் பேசுகிற மாதிரி.

"உக்காருங்க மேடம்," என்றேன் நானும்.

கோப்பைப் புரட்டினேன். வயது முப்பத்தொன்பது. கல்யாணமாகிப் பதினோரு வருஷம், இதுதான் முதல் பிள்ளை. இருபத்தொன்பதாவது வாரம். ரத்த அழுத்தம் மூன்று முறை பார்த்ததில் மூன்று முறையும் அதிகம். பகலில் உட்கார்ந்த இடத்தில் கண் சொருகுகிறது என்று நர்ஸ் எழுதியிருந்தார்.

"குறட்டை உண்டா?"

"இல்ல."

"யாராவது சொல்லியிருக்காங்களா?"

"அதான் இல்லேன்னு சொல்றேனே."

மாமியார் அட்டவணையிலிருந்து திரும்பாமலே, "எங்க வம்சத்துலயே அந்தப் பழக்கம் கிடையாது," என்றார்.

அடேயப்பா! எனக்கு உள்ளங்காலிலிருந்து உச்சிவரை பற்றிக்கொண்டு வந்தது. ஏன் என்று கேளுங்கள்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அந்த வீட்டில் நான் மாசமாக இருந்தேன். ஐந்தாம் மாதத்தில் குறட்டை ஆரம்பித்தது. ஒரு நாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அசந்து தூங்கிவிட்டேன். என் எதிரே உட்கார்ந்திருக்கும் இந்த நாத்தனார் அப்போது தாய்வீட்டுக்கு வந்திருந்தாள். என் தலைமாட்டில் உட்கார்ந்து என் குறட்டையைப் போனில் பதிவு செய்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, சொந்தக்காரர்கள் பதினைந்து பேர் கூடிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, சத்தத்தைக் கூட்டி வைத்து ஓட விட்டாள். "லாரி வருது, வழி விடுங்க!" என்றாள். வயிறு குலுங்கச் சிரித்தார்கள். மாமியாருக்குப் புரையேறி, ஒருவர் தலையில் தட்டிவிட வேண்டியிருந்தது. என் புருஷன் சிரிக்கவில்லை, அதைச் சொல்ல வேண்டும். அவன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அதற்கு அவன் சிரித்தே தொலைத்திருக்கலாம்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் என் பெயர் லாரி. லாரிக்குப் பால் கொடு, லாரியைக் கூப்பிடு. நான் தூங்குவதை நிறுத்திக்கொண்டேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே இரவைக் கழிப்பேன். கண் சொருகினால் கையைக் கிள்ளிக்கொள்வேன். அப்படியும் கண் அசந்துவிடும், திடுக்கென்று மூச்சுத் திணறி விழிப்பேன். செக்கப்பில் டாக்டர், "குறட்டை உண்டாம்மா?" என்று கேட்டபோது, மாமியார் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார், நான் இல்லையென்று தலையாட்டினேன். அழுத்தம் ஏறிக்கொண்டே போனது. எட்டாம் மாதம் தொடங்கி நாலாவது நாள், வயிற்றிலேயே பிள்ளைக்குத் துடிப்பு இல்லை என்றார்கள். பெண் பிள்ளை.

மூச்சு நின்றதுதான் காரணம் என்று எந்த டாக்டரும் எனக்கு எழுதித் தரவில்லை. இந்த வேலைக்கு வந்த பிறகு, படித்துப் படித்து நானாகத் தெரிந்துகொண்டதுதான். தப்பாகக்கூட இருக்கலாம். தப்பாக இருந்தாலும் என் ஆத்திரம் ஒரு குண்டுமணி அளவுகூடக் குறையாது.

இப்போது இவள் என் எதிரே உட்கார்ந்து, குறட்டை இல்லை என்கிறாள்.

மெஷினை எப்படி மாட்ட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். மற்றவர்களுக்குச் சொல்வதைவிட ஒரு வார்த்தை கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. பட்டையை வயிற்றுக்கு மேலே கட்டிக் காட்டும்போது மட்டும் அவள் வயிற்றைப் பார்க்காமல் இருக்கக் கஷ்டப்பட்டேன்.

மறுநாள் ஒன்பது மணிக்கெல்லாம் தாயும் மகளும் வந்துவிட்டார்கள். நாத்தனாரின் கண்கள் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன. மெஷினை மேஜையில் வைத்தவள், "நல்லா தூங்கினேன்," என்றாள். நான் கேட்கவே இல்லை.

"டாக்டர் வர ரெண்டு மணியாகும். வெளிய உக்காருங்க," என்றேன்.

கம்ப்யூட்டரில் சொருகினேன். ஒரு நிமிஷத்தில் அதுவே கணக்குப் போட்டு ரிப்போர்ட்டைத் துப்பியது. மூச்சுத் தடை: இல்லை. பிராணவாயு: தொண்ணூற்றேழு. முடிவு: இயல்பு. கீழே என் கையெழுத்துக்கு ஒரு கோடு.

எனக்கு நம்பிக்கையில்லை. முழு இரவையும் விரித்து வைத்துப் பார்த்தேன். நெஞ்சுப் பட்டையில் ஒரு வசதி உண்டு, ஆள் எந்த நிலையில் இருக்கிறாள் என்று அது குறித்துக்கொண்டே இருக்கும். இடப்பக்கம், வலப்பக்கம், மல்லாக்க, நிமிர்ந்து. பதினொரு மணியிலிருந்து காலை ஐந்தரை வரை ஒரே கோடுதான் இருந்தது. நிமிர்ந்து. நாடித்துடிப்பு ஒரு இடத்தில்கூடத் தூங்குகிறவளுடையது போல இறங்கவில்லை. இந்த மெஷினுக்கு மூச்சுதான் தெரியும், ஆள் தூங்குகிறாளா விழித்திருக்கிறாளா என்று தெரியாது. விழித்திருப்பவள் ஒழுங்காகத்தானே மூச்சு விடுவாள்? அது பாவம், எல்லாம் சரியாக இருக்கிறது என்று எழுதிவிட்டது.

அடிப்பாவி! விடிய விடிய உட்கார்ந்திருக்கிறாள். குறட்டை பதிவாகிவிடக் கூடாதென்று, மெஷினை மாட்டிக்கொண்டு, தூங்காமல், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். வேறு யார் கண்ணிலும் இது பட்டிருக்காது. எனக்குப் பட்டது, ஏனென்றால் அந்தக் கோடு என்னுடையது.

வசமாக மாட்டிக்கொண்டாள் என்று மனம் கும்மாளம் போட்டது. நான் எதுவும் செய்ய வேண்டாம். பொய் சொல்ல வேண்டாம், எதையும் திருத்த வேண்டாம். கோட்டில் கையெழுத்துப் போட்டால் போதும். டாக்டர், குறட்டைப் பிரச்சினை இல்லை என்று வேறு மாத்திரை எழுதுவார். மிச்சம் இருக்கும் பத்துப் பதினொரு வாரமும் இவள் மூச்சு நின்று நின்று தூங்குவாள். எனக்கு நடந்தது இவளுக்கும் நடக்கலாம். நடந்தால் என்னை ஒரு பயல் கேட்க முடியாது. மெஷின் சொன்னது, நான் கையெழுத்துப் போட்டேன், முடிந்தது.

பேனாவை எடுத்தேன். மூடியையும் கழற்றினேன். பொய் சொல்ல மாட்டேன், அந்த நேரத்தில் வயிற்றில் இருந்த பிள்ளையை நான் நினைக்கவே இல்லை. எட்டாம் மாதம் அவள் படுத்திருக்கப்போகும் கட்டிலைத்தான் நினைத்தேன். மனசு குளிர்ந்தது.

ஒரு விஷயம் மட்டும் இடித்தது. கையெழுத்துப் போட்டால் அவளுக்கு என்ன தெரியும்? விதி என்று அழுவாள். கடவுளைத் திட்டுவாள். ஊரே அவளுக்கு ஆறுதல் சொல்லும். நான்தான் செய்தேன் என்றோ, எதற்காகச் செய்தேன் என்றோ அவளுக்குத் தெரியவே தெரியாது. வாங்கியவளுக்குத் தெரியாத அடி என்ன அடி? ஆறு வருஷம் நான் காத்துக் கிடந்தது அதற்கா? அவளுக்குத் தெரிய வேண்டும். நாலு பேர் முன்னால், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரித் தெரிய வேண்டும்.

பேனாவை மூடி வைத்தேன். இதுதான் காரணம். இதைத் தவிர வேறு எந்த நல்ல காரணமும் இல்லை.

ஒரு மணிக்கு வெளியே போனேன். கூடத்தில் நாற்காலிகள் நிரம்பி வழிந்தன. பன்னிரண்டு பதின்மூன்று பெண்கள், கூட வந்தவர்கள் வேறு. நாத்தனார் கண்ணை அகல விரித்து, தலையை ஆட்டி ஆட்டித் தூக்கத்தை விரட்டிக்கொண்டிருந்தாள்.

"மேடம், ஒரு பத்து நிமிஷம் உள்ள வாங்க. விரல்ல கிளிப் போட்டு ஒருதடவை பாக்கணும்."

"ஏன், மெஷின்ல வரலையா?"

"வந்துச்சு. சும்மா ஒரு சரிபார்ப்பு."

கட்டிலைப் பாதி சாய்த்து வைத்திருந்தேன். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொல்வதுதான் வழக்கம். நான் சொல்லவில்லை. மல்லாக்கச் சாய்ந்தால்தான் குறட்டை நன்றாக வரும், அது எனக்குத் தெரியும். கிளிப்பை மாட்டினேன். விளக்கை அணைத்தேன். மின்விசிறியைக் கூட்டினேன்.

"லைட்டை எதுக்கு அணைக்கறீங்க?"

"ஸ்க்ரீன் தெரியணும்ல."

பார்த்தேன். வலது கையால் இடது முழங்கையின் உள்பக்கத்தைக் கிள்ளினாள். அந்த வீட்டில் நான் கிள்ளிக்கொண்ட அதே இடம். மூன்று நிமிஷம் தாக்குப்பிடித்தாள். நாலாவது நிமிஷம் தலை ஒரு பக்கமாகச் சரிந்தது.

முதலில் மெதுவாகத்தான் வந்தது. அப்புறம் கட்டிலே அதிருகிற மாதிரி வந்தது. நான் எழுந்து போய் அறைக் கதவை முழுசாகத் திறந்து, மூடிக்கொள்ளாமல் இருக்க நாற்காலியை முட்டுக்கொடுத்து வைத்தேன்.

கூடத்தில் பேச்சு நின்றது. ஒருத்தி களுக்கென்று சிரித்தாள்.

"யாருப்பா அது, மர அறுப்புக் கடை வச்சிருக்கிறது?"

"ஐயோ, எங்க வீட்டுக்காரரு தோத்தாரு!"

சிரிப்பு நாற்காலி நாற்காலியாகப் பரவியது. மாமியார் நடுவில் உட்கார்ந்திருந்தார். முதலில் அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். நல்லா கேளுங்க, உங்க வம்சம்தான் என்று வாய்விட்டுச் சொல்லவில்லை. என் முகம் அதைச் சொல்லியிருக்கும். அந்த ஒரு நிமிஷம் எப்படி இனித்தது என்று சொல்லி முடியாது.

சத்தம் நின்றது.

சிரிப்பு இன்னும் கொஞ்சம் ஓடியது. பிறகு அதுவும் தேய்ந்தது. முன்வரிசையில் இருந்த, மூன்றாவது பிள்ளைக்கு வந்திருந்த ஒரு பெண், "என்ன அக்கா, சத்தமே காணோம்?" என்றாள்.

நான் திரையைப் பார்த்தேன். நாத்தனாரின் நெஞ்சு ஏறுவதற்கு முட்டியது, வயிறு இழுத்துக்கொண்டது, ஆனால் மூக்கிலோ வாயிலோ காற்றே இல்லை. பிராணவாயு தொண்ணூற்றைந்து. தொண்ணூற்றொன்று. மாமியார் எழுந்து ஓடி வந்தார். வயதுக்கு மீறின ஓட்டம்.

"மூச்சு வரலடி! எழுப்பு, எழுப்பு!"

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "தொடாதீங்க. எண்ணுங்க."

"என்ன எண்ணச் சொல்றே, பாவி!"

"இருபத்தொண்ணு, இருபத்திரெண்டு. நீங்களும் எண்ணுங்க. நம்பரைப் பாருங்க."

எண்பத்தாறு. எண்பத்திமூன்று. சிரித்த பெண்கள் தங்கள் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு கதவருகே நின்றார்கள். மாமியாரின் உதடு தானாக எண்ண ஆரம்பித்துவிட்டது. முப்பத்தைந்து. முப்பத்தாறு. முப்பத்தெட்டில் நாத்தனார் தண்ணீருக்குள்ளிருந்து தலை தூக்கினவள் மாதிரி ஒரு பெரிய மூச்சை இழுத்தாள். கண் திறக்கவில்லை. மறுபடி குறட்டை. யாரும் சிரிக்கவில்லை.

"இது ஒரு மணி நேரத்துல முப்பது நாப்பது தடவை நடக்கும்," என்றேன். "தூங்குற ஒவ்வொரு ராத்திரியும். உள்ள இருக்குற பிள்ளையும் கூடச் சேர்ந்துதான் தவிக்கும்."

மறுபடி நின்றது. இந்த முறை நாற்பத்திரண்டு வரை போனது. பத்து நிமிஷம் விட்டுவைக்க வேண்டும், மாமியார் பத்து நிமிஷமும் எண்ண வேண்டும் என்பதுதான் என் கணக்கு. மூன்றாவது முறை நின்றபோது எண் எழுபத்தேழுக்கு இறங்கியது. அப்போதுதான் அந்த வயிற்றை முதன்முதலாகச் சரியாகப் பார்த்தேன். புடவைக்கு மேலேயே தெரிந்தது, ஒரு பக்கமாக என்னவோ உருண்டு திரும்பியது. பழி தீர்க்க உட்கார்ந்தவள்தான், பத்து நிமிஷம் ஆகும்வரை பொறுக்கவில்லை. தோளைப் பிடித்து உலுக்கி, அவளை இடப்பக்கம் புரட்டினேன்.

நாத்தனார் விழித்தாள். எங்கே இருக்கிறோம் என்று ஒரு கணம் தெரியவில்லை. திறந்த கதவு, அதை அடைத்துக்கொண்டு நிற்கிற பெண்கள், அழுகிற அம்மா. எல்லாவற்றையும் பார்த்துவிட்டு அவள் கேட்ட முதல் கேள்வி பிள்ளையைப் பற்றி இல்லை.

"நான் குறட்டை விட்டேனா?"

"விட்டீங்க," என்றேன். "கூடத்துல இருக்குற எல்லாரும் கேட்டாங்க."

அவள் முகம் சுருங்கியதைப் பார்க்க எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா? பார்த்தேன். ஆசை தீரப் பார்த்தேன்.

"நேத்து ராத்திரி பூரா உக்காந்தே இருந்தீங்க."

"உனக்கு... உனக்கு எப்படித் தெரியும்?"

"மெஷின் சொல்லுச்சு. சொல்லலேன்னாலும் எனக்குத் தெரியும். நீங்க ஒரு ராத்திரி உக்காந்தீங்க. உங்க வீட்டுல நான் மூணு மாசம் உக்காந்திருந்தேன்."

கதவருகே நின்ற பெண்கள் ஒவ்வொருவராக நகர்ந்து போனார்கள். மாமியார் மட்டும் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைக்கத் துடைக்க வந்தது.

"ஏம்மா," என்றார். ஆறு வருஷம் கழித்து என்னை அப்படிக் கூப்பிட்டார். "அன்னைக்கு உனக்கும் இப்படித்தான் நின்னு நின்னு வந்துச்சா?"

"நீங்கதானே அத்தை கேட்டீங்க? இவங்க போன்ல போட்டாங்களே. நடுவுல கொஞ்ச நேரம் சத்தமே வராம இருந்துச்சு. அப்பதான் எல்லாரும் ஜாஸ்தி சிரிச்சீங்க."

நாத்தனார் கிளிப் மாட்டியிருந்த கையாலேயே என் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டாள். கை ஜில்லென்று இருந்தது. உதடு கோணியது. "என்னை மன்னிச்சிரு," என்றாள். "தெரியாம பண்ணிட்டேன். மன்னிச்சிருடி."

"விரலை ஆட்டாதீங்க," என்றேன். "நம்பர் தப்பா வரும்."

அவள் கையை எடுத்துக் கட்டிலில் நேராக வைத்தேன். தொண்ணூற்றாறு காட்டியது. மெஷின் துப்பிய ரிப்போர்ட்டைக் குறுக்கே அடித்து, 'இரவு முழுதும் தூங்கவில்லை, செல்லாது. பகல் தூக்கத்தில் மூச்சு நிற்கிறது, கடுமை, இன்றே பார்க்கவும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். டாக்டர் வந்துவிட்டார் என்று யாரோ சொன்னார்கள். கோப்பை நானே எடுத்துக்கொண்டு போனேன்.